உடையாத மஞ்சள் கோடு

மேடத்துக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை.

இது இன்று நேற்று நடக்கிற கதை இல்லை. எங்கே துப்பறியப் போனாலும் மேடத்துக்கு நாற்காலி, டீ, மின்விசிறிக்கு நேர் கீழே இடம். எனக்குச் சுவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் விபத்துகளைத் துருவித் துருவி விசாரித்ததில் மேடத்துக்கு ‘துருவி’ என்று பெயர். எனக்கு ‘நண்டு’. காரணம் என் கால்கள். மேற்கொண்டு கேட்க வேண்டாம்.

அது ஒரு விளையாட்டு கிளப்பின் ஆபீஸ் அறை. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி பச்சைப் பசேலென்று கிடந்தது. உள்ளே கிளப் செக்ரட்டரி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“நாளைக்குப் புல்வெளிப் போட்டிக்கு நடுவர்கள் வர்றாங்க மேடம். போன தடவை பக்கத்து கிளப்காரன் கப்பைத் தூக்கிட்டுப் போனான். அதைக் கண்ணாடி அலமாரியில வச்சு, தெருவில போறவனுக்குத் தெரியற மாதிரி லைட் வேற போட்டிருக்கான். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு விபத்து.”

“விபத்தா, வேலையா?” என்றார் மேடம்.

“அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க.” செக்ரட்டரி கை காட்டிய மூலையில் ஒரு பெண்ணும் அவள் கணவரும் நின்றிருந்தார்கள். கணவர்தான் கிளப்பின் மெக்கானிக். காலையில் நடந்த காரியத்துக்கு அவர் மேல்தான் பழி. மேடத்துக்கு போன் செய்தது மனைவி. கணவரின் கையை, விட்டால் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போலப் பிடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். புல்வெளிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் ‘பெரியவர்’. மெக்கானிக் ‘சின்னவர்’. இருவரும் சகலைகள். அக்காளைப் பெரியவர் கட்டியிருக்கிறார், தங்கையைச் சின்னவர். ஒரே கிளப்பில் வேலை. மாமனாரும் ஒருவரே. ஆகவே சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

“காலையில, தள்ளிட்டுப் போய் புல் வெட்டுற பெட்ரோல் மெஷினுக்கு அடியில பெரியவர் கையை விட்டிருக்கார். மெஷின் படக்குனு சுத்திருச்சு. மூணு விரல் போச்சு” என்றார் செக்ரட்டரி.

“போச்சா?”

“போகலை. கட்டுப் போட்டிருக்கு. ஆனா அவர் என்ன சொல்றார்னா, ‘ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டி வச்சுட்டுத்தான் புல்லைச் சுரண்ட உட்கார்ந்தேன். நடுவுல தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து கையை விட்டா சுத்துது. அந்த இடைவெளியில ஒயரை மாட்டினது சகலைதான்’னு சத்தியம் பண்றார். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் இவருக்கு வேலையும் கிடையாது, நான் போலீஸுக்கும் சொல்லிடுவேன்.”

“ஒயர் மாட்டியிருந்தா என்ன, எஞ்சின்தான் ஓடலையே?” என்றேன் நான். எனக்கு மிக்ஸி மூடியையே சரியாகப் பொருத்தத் தெரியாது.

மெக்கானிக் முதல் தடவையாக வாயைத் திறந்தார். “பிளேடும் எஞ்சினும் ஒரே தண்டுல இருக்கு. பிளேடைக் கையால சுத்தினா எஞ்சினும் சுத்தும். ஒயர் மாட்டியிருந்தா பொறி வரும், எஞ்சின் ஒரு உதை உதைக்கும். இது பழைய மெஷின். கைப்பிடியை விட்டா தானா நிக்கிற வசதியெல்லாம் இதுல இல்லை. அதனாலதான் அடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒயரைக் கழட்டணும். அது அவருக்கே தெரியும். ஏர் ஃபில்டர் கீழ வர்ற மாதிரி மெஷினைச் சாய்ச்சுப் போட்டு, அவசர அவசரமா கையை விட்டா, பழி எனக்கா?”

“என் வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணலைங்க” என்றாள் மனைவி. “எங்கக்காவுக்கு எங்களைப் பார்த்தா ஆரம்பத்துல இருந்தே வயித்தெரிச்சல். நாங்க ஃபிரிட்ஜ் வாங்கின மறுவாரம் அவ அதைவிட உயரமா ஒண்ணு வாங்கினா. கதவு வழியா நுழையலை.”

மேடம் டீயைக் குடித்து முடித்தார். எனக்கு யாரும் டீ கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

ஷெட் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. விபத்துக்குப் பிறகு செக்ரட்டரி அதைப் பூட்டிச் சாவியை வைத்திருந்தார். காவலாளி எங்களோடு வந்தார். பெரியவர் அலறியதும் கேட்டிலிருந்து ஓடி வந்தவர் அவர்தான்.

“நீங்க வந்தப்போ மெஷின் எப்படி இருந்துச்சு?”

“பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடந்துச்சும்மா. எஞ்சின் ஒரு உதையோட அணைஞ்சு போச்சு போல. பெட்ரோல் ஒழுகப் போகுதேன்னு முதல்ல அதை நிமிர்த்தி வச்சேன். அப்புறம் அவரைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்தேன். வாசல்ல சின்னவர் எதிரே வந்தார். ஆட்டோ பிடிச்சது அவர்தான்.”

“நிமிர்த்தினதுக்கு அப்புறம்தான் சின்னவர் வந்தாரா?”

“ஆமாம்மா. அவர் உள்ளேயே வரலை. பின்பக்கம் குழாய்ல கை கழுவிட்டு இருந்தாராம்.”

மெஷின் சுவரோரமாக நின்றது. அதன் மேல் குனிந்து மோந்து பார்த்தார் மேடம். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்ததும், வடையைப் பிழிந்த காகிதம் மாதிரி உள்ளிருந்த பஞ்சு எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

“ஃபில்டரைக் கீழே போட்டுத்தான் சாய்ச்சிருக்காங்க” என்றார். “எண்ணெய் இறங்கிடுச்சு. விவரம் தெரிஞ்சவன் ஃபில்டர் மேலே இருக்கிற மாதிரிதான் சாய்ப்பான். நண்டு, ஃபில்டர் மேலே இருந்தா மெஷினோட வயிறு எந்தப் பக்கம் பார்க்கும்?”

பார்த்தேன். “வாசலை.”

“கீழே இருந்தா?”

“பின் சுவரை. வாசல்ல இருந்து பார்த்தா அடியில என்ன நடக்குதுன்னு தெரியாது.”

“ம்” என்றார் மேடம். இந்த ‘ம்’முக்காகப் பத்திரிகைக்காரர்கள் அவரைப் போட்டோ எடுக்கிறார்கள். நானும் வீட்டில் கண்ணாடி முன் நின்று ‘ம்’ சொல்லிப் பார்த்திருக்கிறேன். அஜீரணம் மாதிரி இருந்தது.

சுவரில் ஓர் ஆணியில் மரக்கட்டை ஒன்று தொங்கியது. பிளேடின் போல்ட்டைக் கழற்றும்போது, பிளேடு சுற்றாமல் இருக்க அணை கொடுக்கிற கட்டை என்றார் காவலாளி. பக்கத்து ஆணியில் தடித்த கையுறை ஒரு ஜோடி. இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

நான் மெஷினைச் சாய்க்கப் போனேன். என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“காலையில ஒருத்தர் கையைக் கொடுத்தது போதாதா? முதல்ல ஒயர்.”

“மேடம், வாயால சொன்னா போதாதா, அடிக்கணுமா?”

“அடிச்சாத்தான் ஞாபகம் இருக்கும். பெட்ரோல் குழாயையும் மூடு. ஆனா ஒயரைத் தொடறதுக்கு முன்னாடி அங்கே ஒரு போட்டோ எடு.”

பிளக் மூடியின் மேல் தொடங்கி எஞ்சின் உலோகம் வரை மஞ்சள் பெயிண்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. காவலாளி சிரித்தார். “அது சின்னவர் கைங்கரியம். வேலை முடிஞ்சா மூடியையும் எஞ்சினையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். பெயிண்ட் காய்ஞ்சப்புறம் யாராவது மூடியைக் கழட்டினா கோடு உடைஞ்சிடும். போன மாசம் அவர் சர்வீஸ் பண்ணின மெஷினை யாரோ நோண்டிட்டாங்கன்னு சண்டை வந்துச்சு. அதுல இருந்து இப்படி.”

போட்டோ எடுத்தேன். பிறகு மூடியைப் பிடித்து இழுத்தேன். பெயிண்ட் ‘டக்’கென்று உடைந்து என் விரலில் மஞ்சள் செதிலாக ஒட்டிக்கொண்டது. ஒயரை பிளக்கிலிருந்து தள்ளி வளைத்து வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டு, ஃபில்டர் மேலே இருக்கும்படி மெஷினைச் சாய்த்தோம்.

அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரு புல் இல்லை. கிரீஸ் வாசனை அடித்தது.

“புல்லைச் சுரண்ட வந்தேன்னாரே?” என்றேன். “இதுல சுரண்ட என்ன இருக்கு? இதுலே சாப்பாடே போட்டுச் சாப்பிடலாம்.”

மேடம் பிளேடின் போல்ட்டை விரலால் திருகினார். அது ஸ்பேனர் இல்லாமலே அசைந்தது. பிளேடின் இரு நுனிகளையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அங்கே குழாய். அதற்கு நேர் மேலே கம்பி போட்ட, கண்ணாடி இல்லாத ஜன்னல். குழாயை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குப் புல் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. காலையில் பிளேடுக்குச் சாணை பிடித்த பிறகு சின்னவர் அங்கேதான் ஓட்டிப் பார்த்து, அடிப்பக்கத்தையும் துடைத்து வைத்தாராம்; காவலாளி சொன்னார். ஒரு புல்லைப் பிடுங்கி எனக்குக் காட்டினார் மேடம். நுனி கத்தரியால் வெட்டியது போல நேராக இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாம். செக்ரட்டரியையும் அந்தப் புருஷன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா.”

“என்னன்னு எனக்குச் சொல்லக் கூடாதா?”

“உனக்குப் புரியலையா?”

எனக்குப் பற்றி எரிந்தது. புரிந்த மாதிரி ஒரு ‘ம்’ போட்டேன். காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி வார்டில் பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வலது கை தலையணை மேல் ஒரு பொட்டலம் போல இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. தங்கை உள்ளே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் ஒரு ஸ்டவ் பற்றியிருக்கும்.

“கூட்டிட்டு வந்துட்டியா உன் கொலைகாரனை?” என்றாள் அக்கா.

“வாயை அளந்து பேசுக்கா.”

மேடத்துக்கு நர்ஸ் நாற்காலி போட்டார். நான் சுவரைத் தேடிக்கொண்டேன்.

“சிஸ்டர், இவர் விரல்ல எவ்வளவு ஆழம் வெட்டு?” என்று கேட்டார் மேடம்.

“வெட்டா? வெட்டே இல்லைங்க. எலும்பு முறிஞ்சிருக்கு, வீங்கியிருக்கு, தோல் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. கட்டையால அடிச்ச மாதிரி.”

மேடம் மெக்கானிக் பக்கம் திரும்பினார். “காலையில பிளேடுக்குச் சாணை பிடிச்சீங்க இல்லையா? அந்தக் கூர் விரல்ல பட்டா?”

“விரல் தெறிச்சிருக்கும்.”

“தெறிக்கலையே. ஏன்னா இவரை அடிச்சது பிளேடோட கூர் இல்லை, முதுகு. மெஷின்ல பிளேடு தலைகீழா மாட்டியிருக்கு. தலைகீழா மாட்டினா மொண்ணைப் பக்கம் முன்னால வந்துடும். புல்லை வெட்டாது, பிய்க்கும். இன்னைக்கு ஓட்டியிருந்தா நாளைக்கே நுனியெல்லாம் பழுப்பா காய்ஞ்சு நிக்கும்.”

செக்ரட்டரி மெக்கானிக்கின் மேல் பாய்ந்தார். “அப்போ நீ தப்பா மாட்டிட்டியா? நாளைக்குப் போட்டி!”

“இவர் சரியாத்தான் மாட்டினார்” என்றார் மேடம். “குழாய்ப் பக்கம் ஓட்டிப் பார்த்த புல் ஒவ்வொண்ணும் நேரா வெட்டியிருக்கு. அதுக்கு அப்புறம் யாரோ பிளேடைக் கழட்டித் திருப்பிப் போட்டிருக்காங்க. நாளைக்குப் புல் பழுப்பானா பேர் கெடப் போறது மெக்கானிக்குக்கு. என்னங்க பெரியவரே, நான் சொல்றது சரிதானே?”

பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒயரைக் கழட்டினேன்” என்றார் மெதுவாக. “சத்தியமா.”

“நண்டு.”

நான் போனில் போட்டோவைக் காட்டினேன். என் விரலையும் காட்டினேன். மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

“மத்தியானம் இவன் கழட்டுற வரைக்கும் இந்தக் கோடு உடையலை” என்றார் மேடம். “நீங்க ஒயரைக் கழட்டவே இல்லை. கழட்டினா கோடு உடையும், சகலைக்குத் தெரிஞ்சிடும். அடியில கோடு இல்லைன்னு துணிஞ்சு கை வச்சீங்க. வாசலுக்குத் தெரியக் கூடாதுன்னு தப்பான பக்கம் சாய்ச்சீங்க. ஆணியில இருந்த கட்டையையும் கையுறையையும் எடுக்கக்கூட நேரம் இல்லை. பிளேடைத் திருப்பி மாட்டி, போல்ட்டை முழுசா முடுக்கறதுக்கு முன்னாடி, சரியா உட்கார்ந்துச்சான்னு கையால சுத்திப் பார்த்தீங்க. எஞ்சின் உதைச்சிருச்சு.”

“ஆனா ஏன் மேடம்?” என்றார் செக்ரட்டரி. “இவ்வளவு அனுபவம் உள்ள மனுஷன்...”

மேடம் தயங்கினார். அவருக்கு மெஷின் புரியும். மனுஷன் புரியக் கொஞ்சம் நேரமாகும். இது என் இலாகா.

“சார், ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நீங்க கடைசியா யாரைப் பாராட்டினீங்க?” என்று கேட்டேன்.

செக்ரட்டரி யோசித்தார். “போன வாரம்... சின்னவர் வந்ததுல இருந்துதான் புல் இப்படிச் சீரா இருக்குன்னு சொன்னேன். கப் வாங்கினா போட்டோவுல அவர்தான் பிடிச்சுக்கணும்னு...”

“யார் முன்னாடி?”

“எல்லார் முன்னாடியும்.”

கட்டிலிலிருந்து பெரியவர் பேசினார். குரல் கரகரத்தது. “தண்ணி ஊத்தினது நான். களை பிடுங்கினது நான். வெயில்ல முட்டி தேய உட்கார்ந்தது நான். சாணை பிடிச்சது அவன். மாமனார் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். ‘சின்ன மாப்பிள்ளை கை பட்டா கல்லும் ஓடும்’பார். நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த கடிகாரத்துலதான் மணி பார்த்துட்டே சொல்வார். எனக்குத் தாங்கலை. தாங்கவே முடியலை. அவனுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேர் கெடணும்னு நினைச்சேன். கை போனதும் பயத்துல அவன் பேரைச் சொல்லிட்டேன்.”

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க” என்றார் மேடம். “பிளேடு இவர் மாட்டின மாதிரியே இருந்திருந்தா இன்னைக்கு உங்களுக்கு மூணு விரல் இல்லை. நீங்க பண்ணின கெடுதல்தான் உங்க விரலைக் காப்பாத்துச்சு.”

செக்ரட்டரி மெக்கானிக்கின் தோளில் தட்டி, வேலை பத்திரம் என்றார். தங்கை முகம் மலர்ந்து எல்லோரையும் பார்த்தாள். எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. அந்த ‘ஏன்’ என்னுடையது என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! பொறாமையில் வெந்துகொண்டு நின்றபோதுதான் மெக்கானிக் ஆபீஸ் அறையில் சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது.

மேடத்தைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“மேடம், ‘ஏர் ஃபில்டர் கீழ வர்ற மாதிரி சாய்ச்சுப் போட்டு’ன்னு மெக்கானிக் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அவர் வர்றதுக்கு முன்னாடியே காவலாளி மெஷினை நிமிர்த்திட்டார். இவர் உள்ளேயே போகலை. அப்புறம் ஷெட்டைப் பூட்டிட்டாங்க. எந்தப் பக்கம் சாய்ஞ்சு கிடந்துச்சுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?”

“சொல்லு.”

“பின்பக்க ஜன்னல். பெரியவர் வாசலுக்கு மறைச்சார், ஜன்னலை மறந்துட்டார். இவர் குழாயடியில நின்னு எல்லாத்தையும் பார்த்திருக்கார். கேட்ல இருந்து ஓடி வந்த ஆள் முதல்ல வர்றார், சுவருக்கு அந்தப் பக்கம் நின்னவர் ரெண்டாவது வர்றார்!”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பாடா. ஷெட்ல இருந்தே காத்துட்டு இருந்தேன், உனக்கு எப்போ உறைக்கும்னு.”

ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது இந்தம்மாவை முந்த வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த உடனே, அதே வார்த்தைகளைச் சற்று முன்பு கட்டிலில் படுத்திருந்த ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மேடத்தின் பின்னால் வார்டுக்குள் நடந்தேன்.

உள்ளே தங்கை அக்காவிடம் வெற்றி முழக்கம் செய்துகொண்டிருந்தாள். “பார்த்தியாக்கா? கொலைகாரன்னியே! என் வீட்டுக்காரர் ஒண்ணும் பண்ணலைன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! அவருக்கு ஒரு ஈ எறும்பைக்கூட...”

“அம்மா” என்றார் மேடம். “உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு நிக்கிறார்.”

மெக்கானிக் மேடத்தைப் பார்த்தார். பிறகு என்னை. நான் ஜன்னலைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

“பார்த்தேன்” என்றார்.

“என்னத்தை?”

“அண்ணன் மெஷினைச் சாய்ச்சதை. ஒயர் மாட்டியிருக்கிறதையும் பார்த்தேன். பிளேடைத் திருப்பிப் போடறார்னு புரிஞ்சுது. போன மாசம் நோண்டினதும் இவர்தான்னு அப்போ தெரிஞ்சுது. முடிக்கட்டும், எல்லாரையும் கூப்பிட்டுக் கையும் களவுமா காட்டிடலாம், மாமா முன்னாடி மானத்தை வாங்கிடலாம்னு நின்னேன். கை உள்ளே போச்சு. ‘ஒயர்’னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. நான் போடலை.”

பெரியவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, அன்றைக்கு முதல் தடவையாகச் சகலையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி பார்த்தார்.

அக்காதான் பேசினாள். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல்.

“பெரிய மாப்பிள்ளை உசத்தியா சின்ன மாப்பிள்ளை உசத்தியான்னு எங்கப்பா வருஷக்கணக்கா எடை போட்டுட்டே இருக்காருடி. இன்னைக்கு வந்தா சொல்லிடு. தராசு முள்ளு நடுவுல நிக்குது. ஒருத்தருக்கொருத்தர் குறைச்சலே இல்லை.”

தங்கை காலையிலிருந்து விடாமல் பிடித்திருந்த கணவரின் கையை விட்டாள். நடந்து போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நர்ஸ் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் அருகில் போட்டு, “உட்காருங்க சார்” என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் முதல் ஸ்டூல். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.